கடலுக்குப் போகத் தயாராகும் வண்டி

ஊஷித்ஸே ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். பார்த்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். வெலிமிர் இரண்டாவது ரகம், அதிலும் முதல் வரிசை. அவனுடைய வெள்ளை ஸ்தோயாதின் காருக்கு நாற்பது வயது தாண்டியாயிற்று. அதை வாங்கின வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது தொப்பை விழுந்து தலை நரைத்துவிட்டது. ஆனால் வெலிமிரின் வண்டி, அடேயப்பா, பளபளவென்று நிற்கும். நிற்கும் என்றுதான் சொன்னேன். ஓடும் என்று சொல்லவில்லை.

தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை அவனுக்கு. போன வருஷம்தான் ஓய்வு பெற்றான். அந்தச் சம்பளத்தில் புது உதிரிப் பாகம் வாங்குகிற பேச்சே கிடையாது. ஞாயிறு காலையில் ஊர் மாதா கோவிலுக்குப் போனால், இவன் ஆற்றோரச் சந்தைக்குப் போவான். பழைய இரும்பைப் பரப்பி வைத்திருப்பவர்களிடம் உட்கார்ந்து, ஒரு திருகாணிக்கு ஒரு காப்பி நேரம் பேரம் பேசுவான். காயலாங்கடைக்கு உடைக்க வண்டி ஏதாவது வந்தால் முதல் போன் இவனுக்குத்தான். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு கியர்பாக்ஸ், அலமாரிக்குப் பின்னால் ஒரு முன்கண்ணாடி, பால்கனியில் ஊறுகாய் மிளகாய் ஜாடிகளுக்கு நடுவே பெட்ரோலில் ஊறும் இரண்டு கார்புரேட்டர். கியர்பாக்ஸைச் சுற்றியிருந்த கம்பளி, மனைவி யாஸ்னாவின் அத்தை கல்யாணத்துக்குக் கொடுத்தது. யாஸ்னாவுக்குக் குளிர்காலத்தில் போர்த்திக்கொள்ள வேறு கம்பளி இருந்தது, கியர்பாக்ஸுக்குத்தான் இல்லை என்பது அவன் கட்சி.

அந்த யாஸ்னாவைக் கட்டிக்கொண்ட அன்று, கல்யாண விருந்தில், பிளம் சாராயம் உள்ளே போன தைரியத்தில், அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று வெலிமிர் ஒரு வாக்குக் கொடுத்தான். "அடுத்த கோடையில என் பெண்டாட்டிய இந்த வண்டியில கடலுக்குக் கூட்டிட்டுப் போவேன்!" எல்லோரும் கைதட்டினார்கள். வாசலில் ரிப்பன் கட்டி நின்ற வண்டியும் அப்போது இளமையாக இருந்தது.

அதற்கப்புறம் முப்பத்தைந்து கோடை வந்து போனது. யாஸ்னா இன்னும் அவனோடு கடலுக்குப் போகவில்லை.

போகக்கூடாது என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை, அதுதான் வேடிக்கை. வருஷா வருஷம் போவதாகத்தான் இருந்தான். ஒரு ஆகஸ்டில் வாட்டர் பம்பு ஒழுகியது. அதைச் சரிபண்ணியதும் ஃபேன் பெல்ட் கீச்சிட்டது. பெல்ட்டை மாற்றினால் ரேடியேட்டர். ரேடியேட்டருக்குப் பற்றவைத்த வருஷம் கதவுக்கு அடியில் துரு. துருவைச் சுரண்டி, தகரம் வைத்து டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கிறதுக்குள் மழை வந்துவிட்டது. ஒரு வருஷம் ஒன்றுமே கெடவில்லை. அந்த வருஷம் அவன் பட்ட கவலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஒரு சத்தமும் இல்லாம இருக்குன்னா, உள்ளுக்குள்ள பெருசா ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லி என்ஜினையே இறக்கிவிட்டான்.

மகன் நோவி சாத் நகரத்தில் இருக்கிறான். அவன் குடும்பத்தோடு வருஷம் தவறாமல் கடலுக்குப் போகிறவன். "அம்மா, எங்க கூட வாயேன்" என்று கூப்பிடுவான்.

"உங்கப்பன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்டா" என்பாள் யாஸ்னா.

"அவரு எப்பம்மா கூட்டிட்டுப் போறது?"

"வண்டி ரெடியானதும்."

இதை அவள் கிண்டலாகச் சொல்கிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்று மகனுக்கே தெரியாது. வெலிமிர் மட்டும், நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தான். 

யாஸ்னா ஒன்றும் வண்டி தெரியாத பெண்பிள்ளை இல்லை. ரொட்டிக் கடை வேனை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவள். விடியுமுன் எழுந்து, முழங்கால் பனியில், மலைமேல் இருக்கிற கிராமங்களுக்கெல்லாம் சூடாக ரொட்டி கொண்டுபோய்ப் போட்டவள். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவதிலிருந்து, உறைந்துபோன பூட்டை மூச்சால் ஊதித் திறப்பது வரை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஸ்தோயாதின் சாவியை அவள் கையில் அவன் ஒரு தடவை கூடக் கொடுத்ததில்லை.

"இது வேற மாதிரி வண்டிடி. இதுக்குக் காது வேணும்" என்பான்.

"அந்த வேனுக்கு மட்டும் என்ன, வால் இருந்துச்சா?"

"உனக்குப் புரியாது."

"ஆமாம்ப்பா. நான் ரொட்டிக்காரி. எனக்கென்ன புரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை ஒரு போடு போடுவாள். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவனுக்குப் பயம். ஸ்லாத்திபோர் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மொராச்சா பள்ளத்தாக்கில் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் வளைந்து வளைந்து போகிறது கடலுக்கான பாதை. அதில் எங்காவது ஒரு வளைவில், பானெட்டிலிருந்து புகை கிளம்பி, வண்டி நின்று, பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடித்து, யாஸ்னா பக்கத்து சீட்டிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தால்? அப்புறம் இத்தனை வருஷப் பேர் என்னாவது? கராஜில் நிற்கிற வண்டி யாரையும் நடுவழியில் விட்டதில்லை. ஆகவே அதைக் கராஜிலேயே வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான்.

இப்போது கராஜ் சங்கதிக்கு வருகிறேன். அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கதவு போட்ட கராஜுகள். அங்கே வெலிமிரோடு சேர்த்து நாலு பேர், நாலு பழைய ஸ்தோயாதின். அதில் ஒருத்தன் போஷ்கோ. வெலிமிரின் கல்யாணத்தில் சாட்சியாகப் பக்கத்தில் நின்றவன். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லாமல் "கூமே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கம் இந்தக் கூம் உறவு ரத்த உறவுக்கும் மேல். சண்டை போட்டால்கூட "கூமே, நீ ஒரு கழுதை" என்று மரியாதையாகத்தான் திட்ட வேண்டும்.

நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை எஃப்.சி. சோதனைக்குக் காட்டியாக வேண்டும். வழுக்கை டயரும் ஓட்டை சைலன்சருமாகப் போய் நின்றால் எவன் முத்திரை குத்துவான்? அதனால் நாலு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பொதுவில் நல்ல டயர் நாலு, ஓட்டையில்லாத சைலன்சர் ஒன்று, மஞ்சள் பூக்காத ஹெட்லைட் ஒரு ஜோடி, நல்ல பேட்டரி ஒன்று வாங்கினார்கள். முதலுதவிப் பெட்டி, முக்கோணப் பலகை, இழுவைக் கயிறு எல்லாம் உண்டு. இதற்கு 'கல்யாணக் கோட்டு' என்று பேர். யாருக்கு எஃப்.சி. வருகிறதோ அவன் வண்டிக்கு அந்தக் கோட்டை மாட்டிவிடுவார்கள். வண்டி மாப்பிள்ளை மாதிரி போய் முத்திரை வாங்கிக்கொண்டு வரும். வந்ததும் கழற்றி அடுத்தவனுக்கு. எஃப்.சி. தேதிகளைக்கூட ஒன்றோடொன்று மோதாதபடி பார்த்து வைத்துக்கொண்டார்கள். நாட்டு நிர்வாகத்தில் இந்த ஒழுங்கு இருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம்.

இந்த வருஷம் வெலிமிருக்கு ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வியாழனே போஷ்கோவுக்கு. எஃப்.சி. பார்க்கிறவன் வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து டயரைத் தடவினான். பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட் ஒரு சொட்டு விழுந்து காய்ந்திருந்ததைப் பார்த்தான்.

"இந்த டயரை எனக்குத் தெரியும். மே மாசம் பச்சை வண்டியில வந்துச்சு. நல்லா இருக்கியாப்பா?" என்று டயரையே விசாரித்தான்.

"ஒரே கம்பெனி டயருங்க, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றான் வெலிமிர், முகம் மாறாமல்.

"இந்த டயர் ஏன்யா தேயவே மாட்டேங்குது? பெத்த பிள்ளைய வளர்க்கிற மாதிரி வளர்க்கறீங்களே." சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்திவிட்டான். அவன் மச்சானும் ஒரு பழைய வண்டிக்காரன்தான்.

முத்திரை விழுந்தால் கராஜ் முன்னால் விருந்து. அதுவும் எழுதாத சட்டம். கரி அடுப்பில் இறைச்சி உருட்டி வாட்டினார்கள், வெங்காயம் நறுக்கினார்கள், போஷ்கோ தன் வீட்டுச் சாராயத்தைக் கொண்டுவந்தான். யாஸ்னாவும் போஷ்கோவின் மனைவி ஸோர்க்காவும் ரொட்டியும் தக்காளியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வண்டி நடுவில் நின்றது, நல்ல டயரோடு, நல்ல சைலன்சரோடு, சோப்புப் போட்டுக் குளித்து. உண்மையில் அழகாகத்தான் இருந்தது, பாவி வண்டி.

யாஸ்னா தக்காளித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதைச் சுற்றி ஒரு நடை வந்தாள்.

"பாஸ் ஆயிடுச்சா?"

"பாஸ் ஆகாம? யாரு பார்த்துக்கற வண்டி!" என்றான் வெலிமிர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"பிரேக் நல்லா இருக்காமா?"

"பிரேக் அவங்க மிஷின்ல போட்டுப் பார்த்தாங்க. புது வண்டி கெட்டுது போ."

"என்ஜின்?"

"கடிகாரம்."

"சரி. அப்ப காலையில கிளம்பலாமா?"

எல்லோரும் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினார்கள். வெலிமிருக்கு ஒரு நொடி புரியவில்லை.

"எங்க?"

"சந்திரனுக்கு. எங்கயா? கடலுக்கு! வண்டி ரெடியானா போகலாம்னு சொன்னே. ரெடின்னு கவர்ன்மென்டே முத்திரை குத்திடுச்சு. இன்னும் யாரு சொல்லணும்?"

"காலையிலயா? காலையில டயரைக் கழட்டணும்டி. வியாழக்கிழமை கூமுக்கு எஃப்.சி. சைலன்சரையும் மாத்தணும்."

"அப்ப இந்த டயர் ரோட்டுல போறதுக்கு இல்லையா?"

"இல்லடி" என்று வெலிமிர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். "இது எஃப்.சி.க்கு."

போஷ்கோ தலையாட்டினான். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். இதில் எங்கே தப்பு என்று அந்த நாலு பேரில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஸோர்க்காதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"செப்டம்பர்ல பார்க்கலாம்" என்றான் வெலிமிர். "கூட்டமும் குறைஞ்சிருக்கும். அதுக்குள்ள டைனமோவையும் ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துடறேன்."

யாஸ்னா ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வெங்காயத்தோடு மென்று தின்றாள். கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும் வீடு அது. அன்றைக்கு ஒரு கரண்டிகூடச் சத்தம் போடவில்லை. வெலிமிர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் அவன் எழுந்தபோது தலை கனத்தது. மேஜையில் பாலாடைக்கட்டிப் பலகாரம் துணி போட்டு மூடியிருந்தது. யாஸ்னா மார்க்கெட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து, நன்றாகச் சாப்பிட்டு, ஜாக்கியை எடுத்துக்கொண்டு டயர் கழற்றக் கீழே இறங்கினான். கராஜ் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே தரையில் பழைய எண்ணெய்க் கறை ஒன்று. அவ்வளவுதான்.

"திருடன்!" என்று கத்தினான். கட்டடத்தில் இரண்டு ஜன்னல் திறந்தது.

போஷ்கோ பனியனோடு ஓடிவந்தான். காலி கராஜைப் பார்த்தான். பேயறைந்த மாதிரி நின்றான்.

"கூமே, டயரு..."

"டயரா? என் வண்டியே போச்சுடா!"

"உன் வண்டி உன் வண்டி, டயரு நம்ம டயரு" என்ற போஷ்கோவுக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "ஏன் கூமே, ஸோர்க்காவையும் காணோம். ஃப்ரிட்ஜில இருந்த தர்பூசணியையும் காணோம்."

வெலிமிர் மெதுவாகத் தன் கால்சட்டைப் பையைத் தடவினான்; காலி. வண்டிச் சாவியை முப்பத்தைந்து வருஷமாக அந்தப் பையில்தான் ஒளித்துவைத்திருந்தான். அந்தக் கால்சட்டையை முப்பத்தைந்து வருஷமாகத் துவைத்தவள் யாஸ்னா.

போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். மூன்றாம் தடவை ஸோர்க்கா எடுத்தாள்.

"கூமே, காலை வணக்கம்! அவ ஓட்டிட்டிருக்கா. ஓட்டறப்ப போன் பேசக்கூடாதுல்ல. நாங்க ஸ்லாத்திபோர் தாண்டி இறங்கறோம்."

"ஸ்லாத்திபோர்..." வெலிமிர் சுவரைப் பிடித்துக்கொண்டான். "ஏத்தத்துல ஊசி எங்க நின்னுச்சுன்னு கேளு! வெப்ப ஊசி!"

போனில் யாஸ்னாவின் குரல் தூரத்தில் கேட்டது. "எங்க நிக்கணுமோ அங்க நின்னுச்சுன்னு சொல்லு."

"சூடேறினா ஹீட்டரைப் போடச் சொல்லு! ஜன்னலைத் திறந்துட்டு ஹீட்டரை முழுசாப் போட்டா என்ஜின் சூடு இறங்கும்! ரெண்டாவது கியர்ல..."

"அவ ரொட்டி வேன் ஓட்டறப்பவே எனக்கு அதைச் சொல்லிக் குடுத்திருக்கா கூமே. வெக்கட்டுமா? பாட்டு போட்டிருக்கோம்."

துரத்திக்கொண்டு போகலாம் என்றால் எதில் போவது? போஷ்கோவின் வண்டியை உசுப்பிப் பார்த்தார்கள். பழைய பேட்டரியில் செல்ஃப் எடுக்கவில்லை. சத்தம் கேட்டு மற்ற இரண்டு பேரும் வந்துவிட, எல்லோருமாகத் தள்ளினார்கள். கிளம்பி, ஓட்டை சைலன்சரோடு ஊரையே எழுப்பி, சந்து முனைவரை போய், ஒரு வழுக்கை டயர் காற்றிறங்கி உட்கார்ந்துவிட்டது. நாலு வண்டியில் இருந்த நல்ல சாமானெல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே ஒரு வண்டியாகிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் கடல்வரை போகிற வண்டி ஒன்று கிடைக்கும் என்று இத்தனை வருஷத்தில் நாலு பேருக்கும் தோன்றவில்லை. இரண்டு பெண்களுக்கு ஒரு வெங்காயம் மெல்லும் நேரத்தில் தோன்றியிருக்கிறது.

"என் வண்டி வியாழக்கிழமை எதுல போகும்? செருப்பு போட்டுக்கிட்டா?" என்று போஷ்கோ புலம்பினான்.

வெலிமிர் வீட்டுக்குப் போய் டூல்ஸ் பெட்டியைக் கட்டினான். ஸ்பேனர், பெல்ட், ஹோஸ், பாயிண்ட், இரண்டு கேன் தண்ணீர், எல்லாவற்றையும் கொண்டுவந்து காலி கராஜ் வாசலில் வைத்து, பீர்ப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். எங்கேயாவது நிற்கத்தானே போகிறது. நின்றதும் கூப்பிடுவாள். "வெலிமிர், நின்னுடுச்சு. நீ சொன்னது சரிதான்" என்பாள். அப்போது இவன் கோபப்படாமல், பெருந்தன்மையாக, யாரிடமாவது லிஃப்ட் கேட்டுப் போய்ச் சரிபண்ணிக் கொடுப்பான். அதை நினைக்கும்போதே அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சும்மா இருப்பானேன் என்று மற்றவர்கள் பந்தயம் கட்டினார்கள். எங்கே நிற்கும்? தோற்றவன் பீர் வாங்க வேண்டும். 

"நோவா வரோஷ் ஏத்தம்" என்றான் ஒருத்தன்.

"அங்க நிக்காது. நாட்டு எல்லைகிட்ட வரிசையில நிக்க வெச்சா சூடேறும், அங்கதான்" என்றான் இன்னொருத்தன்.

"மொராச்சா" என்றான் போஷ்கோ. "கூமே, நீ எங்கன்னு சொல்றே?"

வெலிமிருக்கு முகம் சிவந்தது. "ஏன்டா நிக்கணும்? எதுக்கு நிக்கணும்? பம்பு நான் மாட்டினது. பெல்ட்டு நான் மாட்டினது. பேரிங் ஒவ்வொண்ணும் என் கையால கிரீஸ் வெச்சது!"

"அப்ப நிக்காதா?"

"நிக்கும்" என்றான் வெலிமிர். பிறகு, "நிக்காது" என்றான். பிறகு எழுந்து போய் காலி கராஜுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து மறுபடி பெட்டிமேல் உட்கார்ந்தான்.

எதை வேண்டிக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம். வண்டி நின்றால், இத்தனை வருஷமும் அவன் சொன்னது சரி. ஆனால் அவன் கைவேலை மோசம். வண்டி நிற்காமல் போய்ச் சேர்ந்தால், இந்த ஜில்லாவிலேயே அவனைப்போல வேலைக்காரன் இல்லை. ஆனால் முப்பத்தைந்து கோடை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல வாயில்லை.

ஸோர்க்கா நடுநடுவே போஷ்கோவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். நோவா வரோஷ் தாண்டியாயிற்று. ஒருத்தன் பீர் வாங்கிவந்தான். எல்லையில் வரிசையில் நின்றும் வண்டி சூடேறவில்லை, அதிகாரி ஒருத்தன் வெளியே வந்து வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டானாம். இரண்டாவது ஆளும் பீர் வாங்கினான். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் மற்றவர்கள் முதுகில் தட்டி, "ஏ அப்பா, என்ன வேலைடா உன் வேலை!" என்றார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வெலிமிரின் தோள் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. மத்தியானத்துக்கு மேல் மொராச்சாவும் தாண்டியது என்று செய்தி வந்தபோது போஷ்கோ எழுந்து பீர் வாங்கப் போனான். வெலிமிர் தனக்கு வேண்டாம் என்றான்.

சாயங்காலம் வெயில் தணிந்து, ஆட்கள் கலைந்து, போஷ்கோ மட்டும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. யாஸ்னாதான்.

"கேக்குதா?" என்றாள்.

"என்ன?"

"அலைச் சத்தம். போனைத் தண்ணிப் பக்கமா பிடிக்கறேன், இரு."

கேட்டது. ஆனால் அவன் வாயில் வந்தது வேறு. "மொராச்சாவுல ஊசி எங்க நின்னுச்சு?"

"பாதியில."

"இறக்கத்துல பிரேக்கு?"

"பிடிச்சுது."

"ரெண்டாவது கியர் மாட்டறப்ப ஒரு மாதிரி உறுமுமே..."

"மாட்டுச்சு வெலிமிர். எல்லாம் மாட்டுச்சு. ஒரு தடவைகூட இறங்கி பானெட்டைத் திறக்கலை. வழியில ஒரு சொட்டுத் தண்ணி கேக்கலை. நல்லா செஞ்சிருக்கே. உண்மையா சொல்றேன், ரொம்ப நல்லா செஞ்சிருக்கே."

இந்த ஒரு பாராட்டுக்காகத்தான் அவன் இத்தனை வருஷம் கையில் கிரீஸோடு திரிந்தான். வந்துவிட்டது. வந்தபிறகு எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 

"திட்டணும்னா திட்டிடுடி" என்றான்.

"திட்டலாம்னுதான் வந்தேன். வழியெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன்." அவள் சிரித்தாள்; சிரிப்பு பாதியில் உடைந்தது. "இங்க வந்து சாவியைத் திருப்பி என்ஜினை அணைச்சேனா, அப்படியே உட்கார்ந்துட்டேன். ஸோர்க்கா இறங்கி ஓடிட்டா. எனக்கு இறங்கத் தோணலை. முப்பத்தஞ்சு வருஷமா இந்த வண்டி மேல எனக்கு என்ன கோவம் தெரியுமா? நீ வீட்டுல இல்லாதப்ப போய் எட்டி உதைச்சிருக்கேன். பக்கத்து சீட்டுல வளைஞ்சு கிடக்கே ஒரு கம்பி, அது நான் உதைச்சது. இதுதான் நம்மளைப் போகவிடலைன்னு நினைச்சேன் வெலிமிர். ஸ்டியரிங்கைத் தடவிக் குடுத்து மன்னிப்புக் கேட்டேன். பாவம், அது மேல ஒரு தப்பும் இல்லை."

அவன் வாயைத் திறந்தான். ஒவ்வொரு ஆகஸ்டும் ஏதாவது ஒரு பாகத்தின் பேர் அங்கே தயாராக இருக்கும். பம்பு, பெல்ட், டைனமோ. எல்லாம் இப்போது கடற்கரையில், நல்ல நிலையில், நிழலில் நின்றுகொண்டிருந்தன. அவன் கராஜைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துச் சரிபண்ண அதில் ஒன்றுமே இல்லை.

"ஸோர்க்கா கூப்பிடறா. தண்ணியில இறங்கப் போறோம்" என்றாள் யாஸ்னா. "ஒரு வாரம் இருப்போம். பலகாரத்தைச் சாப்பிட்டியா? சரி, வெக்கறேன்."

வெலிமிர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போஷ்கோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். டயரைப் பற்றிக் கேட்கலாமா என்று அவன் வாய்வரை வந்தது. கூமின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"கடலுக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று வெலிமிர் கேட்டான். போனில்தான் கேட்டான். அவள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.